சத்தம் போடாத வில்லை

வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றிய பிறகும் உடனே உள்ளே வரவில்லை. குனிந்து அந்தச் செருப்புகளை விரலால் சுட்டி எண்ணினார். ஒன்று, இரண்டு. கணக்குச் சரி என்று மனம் சமாதானமான பிறகுதான் நிலைப்படியைத் தாண்டினார். ஜன்னலோரம் உட்கார்ந்து பழைய சட்டைகளிலிருந்து பொத்தான்களை வெட்டி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்த அண்ணி இதைப் பார்த்துவிட்டு, பார்க்காதவர்போல வேலையைத் தொடர்ந்தார்.

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவர் அண்ணிதான். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இருபத்தாறு வருடம் இழப்பீட்டு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எரிந்துபோன கிடங்குகளையும், காகிதத்தில் மட்டும் எரிந்துபோன கிடங்குகளையும் பார்த்துப் பழகிய கண். ஆனால் உண்மையிலேயே அவருக்குக் கொழுந்தன் என்று வாய்த்தவன் ஒருவன்தான். பல் செட் செய்யும் கூடத்தில் அவனுக்கு வேலை; ஊரில் பாதிப் பேர் அவன் தயவில்தான் மெல்லுகிறார்கள். மனசு மட்டும் துப்பறிவதில். அண்ணி வீட்டு வாசலில் யாராவது முகம் வாடி நின்றால் போதும், நோட்டும் பென்சிலுமாக வந்து உட்கார்ந்துவிடுவான். அன்றைக்கும் வந்திருந்தான்.

வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். வெளுத்துப்போன நீலச் சட்டை, உள்ளே போன கண்கள். சட்டையின் இரண்டாவது பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பித்தளை ஊக்கு குத்தியிருந்தது.

"உக்காருங்க. என்ன விஷயம்?" என்றார் அண்ணி.

"உயிரோட இல்லாதவர் கையால நான் ஒரு வில்லை வாங்கியிருக்கேன்மா."

கொழுந்தனின் பென்சில் முனை உடைந்தது. வெளியே நான்கு நாளாக விடாத மழை இன்னும் பெய்துகொண்டிருந்தது. அவர் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்.

கடலுக்குள் மூன்று தீவுகள், தீவுக்கு ஒன்றாக மூன்று கலங்கரை விளக்கங்கள். காலை ஒன்பது மணிக்குக் கிளம்பும் படகு மூன்றையும் சுற்றிக் காட்டிவிட்டு மாலை ஐந்துக்குத் திரும்பும். அந்தப் படகில் அவருக்கு வேலை. தீவில் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த தகர வில்லை ஒன்றைக் கொடுப்பார். அதில் ஒரு கயிற்று வளையம் இருக்கும். திரும்பி ஏறும்போது வில்லையை வாங்கி, கீழ்த்தளத்துப் பலகையில் அந்தந்த எண்ணுக்குரிய ஆணியில் மாட்டுவார். கொடுத்த வில்லையெல்லாம் பலகைக்குத் திரும்பினால்தான் படகின் கயிற்றை அவிழ்க்கலாம். அதனால் ஊரில் அவர் பெயரே வில்லைக்காரர் என்று ஆகிவிட்டது. பதினெட்டு வருடத்தில் ஒரே ஒரு ஆளைக்கூட அவர் தீவில் விட்டுவிட்டு வந்ததில்லை, மூன்று வாரத்துக்கு முன்பு வரை.

"அன்னைக்குக் கடைசித் தீவுல அலை ஜாஸ்திம்மா. ஏறுற பலகை ஆடிக்கிட்டே இருந்துச்சு. ஒரு கையால அதைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால ஆளுங்களைத் தூக்கி விட்டேன். அலை இருந்தா வில்லையைக் கையில வாங்க முடியாது. இடுப்புல ஒரு தகரப் பெட்டி கட்டியிருப்பேன், அதுல போட்டுட்டுப் போயிடுவாங்க. விழுற சத்தத்தை வச்சு எண்ணிக்குவேன். முகத்தைப் பார்க்க நேரம் இருக்காது."

"எத்தனை பேர் இறங்கினாங்க?"

"இருபத்திரண்டு."

"எத்தனை சத்தம் கேட்டுச்சு?"

அவர் அண்ணியை நிமிர்ந்து பார்த்தார். மூன்று வாரமாக எல்லோரும் எல்லாவற்றையும் கேட்டார்கள், இதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

"இருபத்தொண்ணு," என்றார். "இதை நான் யார்கிட்டயும் சொல்லலைம்மா. ஒருத்தர் பாக்கின்னு நின்னு பார்த்தேன். யாரும் வரலை. பெட்டியைக் கவிழ்த்தேன். இருபத்திரண்டு வில்லை இருந்துச்சு. என் காதுதான் தப்புன்னு நினைச்சு எல்லாத்தையும் மாட்டுனேன். ஒரு அம்மா வந்து பலகையைப் பார்த்துட்டு, 'எல்லாரும் ஏறியாச்சா?'ன்னு கேட்டாங்க. 'ஏறியாச்சும்மா'ன்னு சொல்லிக் கயிறை அவிழ்த்துட்டேன்."

படகு துறைக்கு வந்து சேர்ந்தபோது அந்த அம்மாளின் கணவர் படகில் இல்லை. பலகை நிறைந்திருந்ததால் அவர் ஏறியிருக்க வேண்டும். ஏறியவர் இல்லையென்றால் கடலில்தான் விழுந்திருக்க வேண்டும். அப்படி முடிவு செய்து மூன்று நாள் கடலைத் தேடினார்கள். நான்காம் நாள், விளக்கைப் பழுது பார்க்கப் போன ஆட்கள் அவரைத் தீவிலேயே கண்டெடுத்தார்கள். கலங்கரை விளக்கத்தின் பின்பக்கம் பழைய மழைநீர்த் தொட்டி ஒன்று உண்டு. மேல்மூடி உளுத்துப்போய் உடைந்து அதற்குள் விழுந்திருக்கிறார். கால் முறிந்திருந்தது. குறைந்தது இரண்டு நாளாவது உயிரோடு இருந்திருப்பார் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.

"பதினாலாம் நம்பர் வில்லை அவரோடது. அந்த மனுஷன் தொட்டிக்குள்ள கிடக்கிறாரு. வில்லை என் பெட்டியில கிடக்குது. மத்ததெல்லாம் சத்தம் போட்டுத்தான் விழுந்துச்சு. அது மட்டும் சத்தமே இல்லாம வந்திருக்கு. மனுஷங்க போட்டா சத்தம் கேக்கணும்ல?"

"அந்த நேரத்துல அவர் உயிரோடதானே இருந்தார்?" என்றான் கொழுந்தன்.

"அதை நினைச்சாத்தான் தம்பி இன்னும் பயமா இருக்கு."

பிறகு அவரே சொன்னார். "திங்கக்கிழமை விசாரணை. வேலை போனா போகட்டும். நான் எண்ணாமலே மாட்டிட்டேன்னு சொல்றாங்க. எங்கப்பாவைக் கொன்னது நீதான்னு அவர் பையன் ஆள் விட்டுச் சொல்றான். நான் கொன்னேனா இல்லையா, அதை மட்டும் நீங்க சொல்லிடுங்கம்மா. எதுவா இருந்தாலும் தாங்கிக்கிறேன்."

அண்ணி டப்பாவிலிருந்து ஒரு நீலப் பொத்தானைத் தேடி எடுத்தார். "சட்டையைக் கழட்டிக் குடுங்க, தைச்சுத் தர்றேன். இந்த ஊக்கு ஏது?"

"இதா?" அவர் வெட்கப்பட்டார். "அன்னைக்குப் பெட்டியைக் கவிழ்த்தப்போ அடியில கிடந்துச்சு. யாரோட துணியில இருந்தோ விழுந்திருக்கும். பொத்தான் போன இடத்துல குத்திக்கிட்டேன். வீட்டுல தைச்சுக் குடுக்க ஆள் கிடையாது."

"வில்லையெல்லாம் கொட்டுறப்போ தனித்தனியா விழுமா?"

"எங்கம்மா! கயிறுங்க எப்பவும் ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கும். உலுக்கி உலுக்கித்தான் பிரிக்கணும்."

அண்ணி பொத்தானைத் தைத்து முடித்தார். ஊக்கை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். சாதாரண ஊக்குபோல நீளமாக இல்லாமல் சுரைக்காய்போல அடி பருத்து, முனை கொஞ்சம் வளைந்திருந்தது. அதைத் தன் டப்பாவில் போட்டு மூடினார்.

சனிக்கிழமை மழை விட்டது. அண்ணியும் கொழுந்தனும் அதே படகில் ஏறினார்கள். வில்லைக்காரரைக் கொட்டகையில் பெயின்ட் அடிக்கும் வேலைக்கு மாற்றியிருந்ததால் வில்லைகளைக் கேப்டனே கொடுத்துக்கொண்டிருந்தார். படகில் பெரும்பாலும் ஜோடிகள். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் மேல்தளத்திலும், ஆகி நாளானவர்கள் கீழ்த்தளத்திலும் உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் தீவு வெறும் பாறை. அதன் விளக்கம் குட்டையாக, பறவை எச்சத்தால் வெளுத்து நின்றது. கொழுந்தன் அதைப் பல கோணங்களில் படம் எடுத்தான். எடுத்து முடித்ததும், "அண்ணி, இந்தக் கேமராவைக் கொஞ்சம் பையில போட்டுக்கோங்க" என்றான். இரண்டாவது தீவுக்குப் போவதற்குள் அவனுடைய குடை, நோட்டு, தொப்பி, பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம் எல்லாம் அண்ணியின் பைக்குள் போய்ச் சேர்ந்திருந்தன. அண்ணி முணுமுணுக்காமல் வாங்கி வாங்கி வைத்தார்.

இரண்டாவது தீவில் மணல்திட்டு, சிவப்புப் பட்டை போட்ட விளக்கம். கேப்டன் அங்கேதான் வாயைத் திறந்தார். "இந்த இடத்துலதான் அந்த ஆள் வில்லையைத் தொலைச்சாரும்மா. பத்து நிமிஷம் படகே நின்னுச்சு. ஆளாளுக்கு மணலைக் கிளறுறாங்க. கடைசியில பார்த்தா அவர் ஷூவுக்குள்ள கிடக்கு! எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அவர் வீட்டம்மா மட்டும் சிரிக்கலை. 'நீங்க என்ன குழந்தையா?'ன்னு எல்லார் முன்னாடியும் ஒரு போடு போட்டாங்க. மனுஷன் அதுக்கப்புறம் வாயே திறக்கலை."

"வில்லைக்காரர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டார் அண்ணி.

"தங்கமான மனுஷன். ஆனா மனுஷன்தானே, சோர்ந்திருப்பார். ஒரு வில்லை குறைஞ்சிருக்கும், உதிரி வில்லை கிடக்கிற பழைய பெட்டியில இருந்து ஒண்ணை எடுத்து மாட்டியிருப்பார்."

"பழைய பெட்டியில பதினாலாம் நம்பர் இருக்கா?"

கேப்டன் தலையைச் சொறிந்தார். "இல்லை. ஒவ்வொரு நம்பரும் ஒண்ணுதான் இருக்கு."

மூன்றாவது தீவை நெருங்கும்போது மூடுபனி இறங்கியது. விளக்கம் கருங்கல்லில் கட்டியது, உயரமானது, பூட்டியிருந்தது. அதைக் காவல் காக்க இப்போது ஆளில்லை. விளக்கு தானே எரிந்து தானே அணைகிறது. பின்பக்கம் போனார்கள். தொட்டியின் மேல் புதுப் பலகை அடித்திருந்தார்கள். கொழுந்தன் இடுக்கு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தான். உட்சுவரில் ஒரே இடத்தில், கைக்கெட்டும் உயரத்தில், சுண்ணாம்பு பெயர்ந்து குழியாகியிருந்தது.

"பெல்ட் பக்கிளால தட்டியிருக்கார்," என்றார் பின்னால் வந்த கேப்டன். அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. "மீன் பிடிக்கிறவங்க ரெண்டு நாளா இந்தப் பக்கம் டங் டங்குன்னு சத்தம் கேட்டதாச் சொன்னாங்க. கொடிக் கம்பத்துல கொக்கி ஆடுதுன்னு நினைச்சுட்டோம்."

அந்த நேரம் பார்த்து எங்கோ இரும்பில் இரும்பு மோதும் சத்தம் கேட்டது. கொழுந்தன் அண்ணியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். கொடிக் கம்பத்துக் கொக்கிதான். என்றாலும் அது நிற்கும் வரை மூன்று பேரும் அசையவில்லை. கொக்கி என்று தெரிந்தும் ஒருமுறை அந்தப் பலகையைப் பெயர்த்துப் பார்த்துவிடலாமா என்று அண்ணிக்குத் தோன்றியது.

"அவர் சட்டை, பேண்ட் பையில என்னென்ன இருந்துச்சு?" என்று கேட்டார்.

"ஒண்ணுமே இல்லை. பர்ஸ் இல்லை, சாவி இல்லை, மூக்குக் கண்ணாடி இல்லை, கைக்குட்டைகூட இல்லை. யாரோ உருவிட்டாங்கன்னுகூட ஒரு பேச்சு வந்துச்சு."

படகின் ஊதல் கேட்டது. காற்று எதிர்த்து வீசியதால் தொட்டிக்குப் பக்கத்தில் அது ஒரு முனகல்போலத்தான் கேட்டது. அலை இருந்தது, கேப்டன் தகரப் பெட்டியை நீட்டினார். அண்ணி வில்லையைப் போட்டுவிட்டு ஏறினார். கொழுந்தன் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஏறினான்.

"எனக்குப் புரிஞ்சுபோச்சு அண்ணி," என்றான் திரும்பும் வழியில். "அந்த அம்மாதான் அவரைத் தள்ளிவிட்டிருக்காங்க. பையைக் காலி பண்ணிட்டு, வில்லையையும் எடுத்துட்டு வந்துட்டாங்க."

"கொல்லணும்னு நினைக்கிறவ வில்லையை அவர் பையிலயே விட்டுட்டு வந்திருப்பாளே தம்பி? பலகையில ஒண்ணு குறைஞ்சா அந்த நிமிஷமே தேடிப் போய், 'தவறி விழுந்துட்டார்'னு தூக்கிட்டு வந்திருப்பாங்க. பலகை நிறைஞ்சதாலதான் இத்தனை சந்தேகமும்."

கொழுந்தன் அண்ணியின் பையிலிருந்து நோட்டை எடுத்து ஒரு பக்கம் முழுவதையும் அடித்தான்.

அன்று மாலையே அந்த அம்மாளைப் பார்க்கப் போனார்கள். கடைத்தெருவில் ஒரு சலவை நிலையத்தில் துணி வாங்கி எண் போடும் வேலை அவருக்கு. உள்ளே நீராவி வாசனை. கூரையிலிருந்து சட்டைகளும் கோட்டுகளும் வரிசையாகத் தொங்கின. காற்றில் அவை திரும்பும்போது ஆட்கள் திரும்பிப் பார்ப்பதுபோல இருந்தது. கதவைத் திறந்தால் ஒலிக்க வேண்டிய மணி ஒலிக்கவில்லை. அதன் நாக்கில் யாரோ ஒரு துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

"முப்பது வருஷத்துல ரெண்டு பேரும் ஒரே நாள்ல லீவு போட்டதே கிடையாது," என்றார் அந்த அம்மாள், கை வேலையை நிறுத்தாமல். "அதுதான் முதல் தடவை. காலையில எத்தனை சந்தோஷமா கிளம்புனார் தெரியுமா? படகுல மேல உக்காந்தா எனக்குக் குமட்டும். அவருக்கோ காத்து வேணும். அதனால அவர் மேல, நான் கீழ. திரும்பி ஏறுறப்போ எனக்கு முன்னாடி ஏறிட்டார்னு நினைச்சேன். முதுகைப் பார்த்த மாதிரி இருந்துச்சு."

"அவர் வில்லையை அவரே வச்சிருந்தாரா?"

"ஆமா." பதில் கேள்வி முடியும் முன்பே வந்துவிட்டது.

மேஜையின் ஓரத்தில் ஒரு மூக்குக் கண்ணாடி மடித்து வைத்திருந்தது. அண்ணி அதைப் பார்ப்பதைப் பார்த்து, "அவரோடது. என் பையிலதான் இருந்துச்சு" என்றார் அந்த அம்மாள்.

பேசிக்கொண்டே அவர் ஒரு கோட்டையும் அதற்குரிய பேண்ட்டையும் சேர்த்து மடித்தார். எண் எழுதிய துணித்துண்டை மேலே வைத்து, மூன்றையும் சேர்த்து ஒரே குத்தில் ஊக்கு மாட்டினார். பித்தளை ஊக்கு. அடி பருத்தது.

"ரெண்டையும் எதுக்குச் சேர்த்துக் குத்துறீங்க?" என்று கேட்டார் அண்ணி.

"ஜோடி பிரியக் கூடாதுல்ல? கோட்டு ஒரு மூட்டையில, பேண்ட்டு ஒரு மூட்டையில போயிட்டா அப்புறம் சேராது. பழகிப்போச்சு. ரெண்டு சாமான் ஜோடியாக் கண்ணுல பட்டா கை தன்னால குத்திடும்."

சொல்லிவிட்டு அவர் தன் கையையே பார்த்தார். அண்ணி வேறொன்றும் கேட்கவில்லை. "திங்கக்கிழமை காலையில விசாரணைக்கு ஒரு மணி நேரம் முன்னாடி படகுக்கு வந்துடுங்க" என்று மட்டும் சொன்னார்.

விசாரணை என்பதால் திங்கட்கிழமை காலை படகு கிளம்பாமல் துறையில் கட்டிக் கிடந்தது. கீழ்த்தளத்தில் பலகைக்கு எதிரே வில்லைக்காரர், கேப்டன், அந்த அம்மாள் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி நின்றுகொண்டிருந்தார். கொழுந்தன் தகரப் பெட்டியும் கையுமாகத் தயாராக இருந்தான்.

"கண்ணை மூடிக்குங்க," என்றார் அண்ணி வில்லைக்காரரிடம். "அன்னைக்கு மாதிரியே எண்ணுங்க."

கொழுந்தன் வில்லைகளைப் பெட்டிக்குள் போட ஆரம்பித்தான்.

"ஒண்ணு," என்றார் வில்லைக்காரர். "ரெண்டு. மூணு." பிறகு சத்தமில்லை.

"இப்போ பாருங்க."

பெட்டிக்குள் நான்கு வில்லைகள் இருந்தன. இரண்டு, கயிற்று வளையங்கள் வழியாக ஒரு பித்தளை ஊக்கில் கோத்து, முகத்தோடு முகம் ஒட்டிக் கிடந்தன. வில்லைக்காரர் அதைத் தொடவில்லை. கேப்டன்தான் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவர் காதும் பொய் சொல்லலை, கையும் பொய் சொல்லலை," என்றார் அண்ணி. "இருபத்தொரு சத்தம், ஏன்னா ஏறுனது இருபத்தொரு பேர். இருபத்திரண்டு வில்லை, ஏன்னா ஒருத்தர் ரெண்டு போட்டாங்க. இங்க ஆவி வரலை. அடுத்தவர் வில்லையைத் தன்கிட்ட வச்சிருந்த ஒருத்தர்தான் வந்தாங்க. தம்பி, சனிக்கிழமை கடைசித் தீவுல உங்க வில்லையைப் பெட்டியில யார் போட்டது?"

கொழுந்தன் விழித்தான். "நான்தான்... இல்லையே. உங்க பையிலதானே குடுத்து வச்சிருந்தேன்!"

"நான்தான் ரெண்டையும் போட்டேன். நீங்க ஏறலைன்னாலும் போட்டிருப்பேன், ஏன்னா நான் திரும்பிப் பார்க்கலை. உங்க குடை, தொப்பி, நோட்டெல்லாம் என் பையில இருந்துச்சு. அப்போ உங்க சட்டைப் பையில என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்லை," என்றான் அவன். அடுத்த நொடியே அவன் முகம் மாறியது. "அந்த ஆள் பையிலயும்..."

"யாரும் உருவலை. பர்ஸ், சாவி, கண்ணாடி எல்லாத்தையும் தன் பையில சுமக்கிற ஒருத்தர் கூட இருந்தாங்க. ரெண்டாவது தீவுல வில்லையைத் தொலைச்சவர்கிட்ட கடைசித் தீவு வில்லையை யார் விட்டு வைப்பாங்க? ஜோடியைச் சேர்த்துக் குத்தி வைக்கிற கை, பதினாலையும் பதினஞ்சையும் சேர்த்துக் குத்தி பைக்குள்ள வச்சுடுச்சு. பெட்டியில போட்டப்போ ஒரே சத்தம். உலுக்குனதுல ஊக்கு வாயைப் பிளந்து அடியில தங்கிடுச்சு. இவர் அதைத்தான் மூணு வாரமா நெஞ்சுல குத்திக்கிட்டு அலைஞ்சார்."

அந்த அம்மாள் அழவில்லை. அழுகையெல்லாம் வற்றிப்போன கண்ணோடு பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசித் தீவுக்கு வில்லை வாங்குனப்போ, 'நீயே வச்சுக்கோ'ன்னு என்கிட்ட குடுத்தார்," என்றார். "அதுதான் கடைசியாப் பேசுனது. எல்லார் முன்னாடியும் நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. கடைசித் தீவுல இறங்குனதும் என்னை விட்டுட்டுத் தனியா விளக்கத்துக்குப் பின்னாடி நடந்து போனார். ஊதல் சத்தம் கேட்டதும் நான் ஏறிட்டேன். கோபத்துல மேல போய் உக்காந்திருக்கார், தணியட்டும்னு விட்டுட்டேன். ஆனாலும் மனசு கேக்கலை. பலகையைப் போய்ப் பார்த்தேன். பதினாலு தொங்கிச்சு. இவர்கிட்டயும் கேட்டேன், எல்லாரும் ஏறியாச்சான்னு. ஏறியாச்சுன்னார். நிம்மதியாப் போய் உக்காந்தேன்."

அவர் மூச்சு வாங்கினார்.

"நான் போட்ட வில்லையைப் பார்த்து நானே நிம்மதிப்பட்டிருக்கேன். துறையில இறங்கினதும் அவரைக் காணலைன்னுதான் நின்னேனே தவிர, என் கையைப் பத்தி நினைப்பு வரலை. அவர் தொட்டியில கிடைச்சார்னு சொன்ன அன்னைக்குத்தான் அந்த ரெண்டு வில்லையும் ஞாபகத்துக்கு வந்துச்சு. மகன் போன்ல, 'படகை விட்டவன் யாரும்மா?'ன்னு கத்துறான். நான்தாண்டான்னு சொல்ல நாக்கு எழலை. அவர் கையிலயே இருந்துச்சுன்னு சொல்லிட்டேன். அன்னையிலிருந்து எந்தத் தகரம் கீழ விழுந்தாலும் அவர் தட்டுற மாதிரி இருக்கு."

கேப்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கொழுந்தன் சனிக்கிழமை படகில் தான் சொன்னதை நினைத்துக் கூனிப்போனான்.

விடுதலையானவர் வில்லைக்காரர்தான். ஆனால் அவர் முகத்தில் அது தெரியவில்லை. எழுந்துபோய், அந்த அம்மாளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"எனக்கும் அந்தச் சத்தம் கேக்குதும்மா," என்றார். "நான் இருபத்தொண்ணுதான் கேட்டேன். கேட்டுட்டுத்தான் கயிறை அவிழ்த்தேன். ஒரு சத்தம் குறையுதேன்னு ஒரு தடவை மேல ஏறித் தலையை எண்ணியிருந்தா, அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். நீங்க என் பலகையை நம்புனீங்க, நான் உங்க வில்லையை நம்பினேன். பாதியை நீங்க எடுத்துக்கோங்க, பாதியை நான் எடுத்துக்கறேன். முழுசையும் ஒருத்தரே தூக்க முடியாதும்மா. நான் மூணு வாரமாத் தூக்கிப் பார்த்துட்டேன்."

அப்போதுதான் அந்த அம்மாள் அழுதார்.

பதினொரு மணிக்கு இருவரும் சேர்ந்தே விசாரணை அறைக்குள் போனார்கள். அந்த அம்மாள் இரண்டு வில்லையையும் சொன்னார். வில்லைக்காரர் இருபத்தொன்றைச் சொன்னார். அவருக்கு எழுத்து மூலம் ஒரு கண்டிப்பும், மறுபடியும் அதே வேலையும் கிடைத்தன. அந்த அம்மாளிடம் மகன் பல நாள் பேசவில்லை.

"கண்டுபிடிச்சிருக்கவே வேண்டாமோ அண்ணி?" என்று வழியில் கேட்டான் கொழுந்தன்.

"மணி நாக்குல துணி சுத்தியிருந்ததைப் பார்த்தீங்கல்ல? அவங்க முன்னாடியே கண்டுபிடிச்சுட்டாங்க தம்பி. தனியாக் கண்டுபிடிச்சு வச்சுக்கிட்டு இருந்தாங்க," என்றார் அண்ணி. பிறகு தன் பையைத் திறந்து, அவனுடைய குடையையும் தொப்பியையும் எடுத்து அவன் கையில் கொடுத்தார். வீடு வரும் வரை அவன் அவற்றைத் தானே தூக்கிக்கொண்டு வந்தான்.

இரண்டு மாதம் கழித்து, கடல் அமைதியாக இருந்த ஒரு நாள், அந்த அம்மாள் தனியாக அந்தப் படகில் வந்தார். கடைசித் தீவில் இறங்கி, விளக்கத்தின் பின்பக்கம் போய் ஊதல் வரை நின்றார். ஏறும் இடத்தில் இப்போது தகரப் பெட்டி இல்லை. வில்லைக்காரர் வலது கையை விரித்து நீட்டி, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, எண்ணை வாய்விட்டுச் சொல்லி வாங்கிக்கொண்டிருந்தார். மேல்தளத்து வாசலில் கேப்டன் தலையை எண்ணினார்.

கடைசியாக அந்த அம்மாள் வந்தார். கையைத் திறந்து காட்டினார்.

"ஒண்ணுதான்," என்றார்.

வில்லைக்காரர் அவர் முகத்தைப் பார்த்து, அதை வாங்கி, ஆணியில் மாட்டினார். கொடுத்த வில்லையெல்லாம் பலகைக்கு வந்துவிட்டன.

"எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

வில்லைக்காரர் பலகையைப் பார்க்கவில்லை. கரையைப் பார்த்தார், விளக்கத்தைப் பார்த்தார், காது கொடுத்துக் கேட்டார். கொக்கிகூட அசையவில்லை.

"இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கலாம்மா," என்றார். இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு தீவைப் பார்த்தபடி நின்றார்கள். அதன் பிறகு அவர் கயிற்றை அவிழ்த்தார்.